துகள் பாடத்தைச் செய்து பார்த்து எழுதுங்கள்: அறிவியல் பாடநூல் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடநூல் குழுவினருக்கு,

வணக்கம். நான் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை அறிவியல் நடத்தும் ஆசிரியை. முதலில் நீலகிரி மலையில் வேலை பார்த்தேன், இப்போது சமவெளியில் இருக்கிறேன். பருப்பொருளின் நிலைகள் பற்றிய பாடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு உங்களுக்கு எழுதுகிறேன். திண்மம், திரவம், வாயு, அவற்றுக்குள் இருக்கும் துகள்கள் என்று வருகிற அந்தப் பாடம்தான். இதை ஏன் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறேன் என்றால், பின்னால் வருகிற எத்தனையோ பாடங்கள் இதை நம்பித்தான் இருக்கின்றன. கரைசல், வேதிவினை, வெப்பம் கடத்தல், காற்றழுத்தம், சவ்வூடு பரவல், மழை எல்லாமே. ஆறாம் வகுப்பில் தவறாக மனதில் பதிந்த படம் பன்னிரண்டாம் வகுப்பு வரை கூடவே வருவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

என் கோரிக்கை இதுதான். துகள் பாடத்தில் அச்சிடும் ஒவ்வொரு படத்தையும் கணக்குப் போட்டுச் சரிபாருங்கள், ஒவ்வொரு சோதனையையும் செய்து பார்த்துவிட்டு எழுதுங்கள். ஒரு பிள்ளை வீட்டில் செய்து பார்த்தால் புத்தகம் சொன்னது நடக்க வேண்டும். இப்போது பல இடங்களில் அது நடப்பதில்லை. எந்த ஒரு நூலையும் சுட்டிக்காட்டிக் குறை சொல்வது என் நோக்கமில்லை. நான் சொல்லப்போகும் பிழைகள் பல நாட்டுப் பாடநூல்களிலும், கடையில் விற்கும் கைடுகளிலும், யூடியூப் வகுப்புகளிலும், கரும்பலகைகளிலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஆனால் பாடநூலில் திருத்தினால்தான் மற்ற இடங்களில் திருந்தும்.

படத்திலிருந்து தொடங்குகிறேன். மூன்று பெட்டிகள் இருக்கும். முதல் பெட்டியில் உருண்டைகள் ஒட்டி ஒட்டி வரிசையாக, இரண்டாவதில் கொஞ்சம் தள்ளித் தள்ளி, மூன்றாவதில் இன்னும் கொஞ்சம் தள்ளி. இந்தப் படத்தைப் பார்க்கிற பிள்ளைக்குத் திரவம் என்பது திண்மத்துக்கும் வாயுவுக்கும் நடுவில், பாதி வழியில் இருப்பதாகத் தோன்றும். அது சரியில்லை. பெரும்பாலான பொருட்கள் உருகும்போது அவற்றின் கன அளவு சில சதவீதம்தான் கூடுகிறது, மெழுகு போன்றவற்றில் பத்துப் பதினைந்து சதவீதம் வரை கூடலாம். பத்து சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் துகளுக்கும் துகளுக்கும் உள்ள தூரம் மூன்று சதவீதம்தான் கூடியிருக்கும். அதை வரைந்தால் கண்ணுக்கே தெரியாது. திரவத்திலும் துகள்கள் கிட்டத்தட்ட தொட்டுக்கொண்டேதான் இருக்கின்றன. வரிசை கலைந்திருக்கிறது, ஒன்றைத் தாண்டி ஒன்று நழுவ முடிகிறது. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. அதனால்தான் தண்ணீரை ஊற்ற முடிகிறது, ஆனால் அமுக்க முடிவதில்லை. படத்தில் இருப்பதுபோல் அவ்வளவு இடைவெளி இருந்தால் தண்ணீரை சிரிஞ்சுக்குள் வைத்துப் பாதியாக அமுக்கிவிடலாமே!

வாயுவுக்கு வந்தால் பிழை எதிர்ப்பக்கம் போகிறது. 1 கிராம் தண்ணீர் 1 மில்லிலிட்டர் இடத்தில் இருக்கும். அதே 1 கிராம் 100 டிகிரியில், சாதாரணக் காற்றழுத்தத்தில் நீராவியானால் ஏறத்தாழ 1,670 மில்லிலிட்டர் இடம் பிடிக்கும். நீளம், அகலம், உயரம் மூன்றிலும் பிரித்துப் பார்த்தால் துகள்களுக்கிடையே உள்ள தூரம் சுமார் 12 மடங்கு ஆகியிருக்கிறது. திரவப் பெட்டியில் துகளை அரை சென்டிமீட்டர் உருண்டையாக வரைந்தால், வாயுப் பெட்டியில் அடுத்த உருண்டை ஆறு சென்டிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். பாடநூல் பக்கத்தின் அகலத்தில் மூன்று உருண்டை வந்தால் அதிகம்.

அப்படியே வரையுங்கள். வாயுவுக்கு ஒரு முழுப் பக்கம் கொடுத்து, அதில் பத்துப் பன்னிரண்டு உருண்டைகளை மட்டும் வையுங்கள். தாள் வீணாகிறதே என்று அச்சுக்கு அனுப்பும்போது யாராவது கேட்கலாம். அந்தக் காலி இடத்தைப் பார்த்துத்தான் ஒரு பிள்ளை எழுந்து, "டீச்சர், நடுவுல என்ன இருக்கு?" என்று கேட்கும். இந்தப் பாடத்தில் ஒரு பிள்ளை கேட்கக்கூடிய மிக நல்ல கேள்வி அதுதான் என்பேன்.

அந்தக் கேள்விக்கு விடை "ஒன்றுமில்லை" என்பது. அதை நம்புவது எவ்வளவு கடினம் என்று பலர் ஆராய்ந்திருக்கிறார்கள். 1978இல் இஸ்ரேலில் ஜோசப் நஸ்பாம், ஷிம்ஷோன் நோவிக் இருவரும் மாணவர்களிடம் ஒரு குடுவையைக் காட்டினார்கள். அதிலிருந்து கொஞ்சம் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் காற்றை வரையச் சொன்னார்கள். துகள் பாடத்தை ஏற்கெனவே படித்திருந்தவர்களிலேயே பலர் காற்றைத் தொடர்ச்சியான ஒரு பொருளாக வரைந்தார்கள். துகளாக வரைந்தவர்களிலும் பலர், துகள்களுக்கு நடுவில் தூசியோ, வேறு காற்றோ, ஏதோ ஒன்று இருப்பதாகச் சொன்னார்கள். என் வகுப்பில் இதே படத்தை வரையச் சொன்னாலும் இதே விடைகள்தான் வருகின்றன. நன்றாகப் படிக்கிற பிள்ளைகளே, "துகள்களுக்கு இடையே வெற்றிடம் உள்ளது" என்று மனப்பாடமாக எழுதிவிட்டு, படம் வரையும்போது நடுவில் பென்சிலால் நிழல் பூசிவிடுகிறார்கள்.

அடுத்தது பனிக்கட்டி. மூன்று நிலைகளுக்கும் எல்லாரும் எடுக்கிற உதாரணம் பனிக்கட்டி, தண்ணீர், நீராவி. அதற்குப் பக்கத்திலேயே "திண்மத்தில் துகள்கள் மிக நெருக்கமாக இருக்கும்" என்ற வரியும் வரும். ஆனால் பொதுவிதிக்கு மாறாக நடக்கிற பொருள் தண்ணீர்தான். பனிக்கட்டியில் ஒவ்வொரு நீர் மூலக்கூறும் நான்கு மூலக்கூறுகளோடு பிணைந்து, அறுகோண அமைப்பில், உள்ளே காலி இடம் விட்டு நிற்கிறது. உருகும்போது அந்த அமைப்பு சரிந்து மூலக்கூறுகள் இன்னும் நெருங்குகின்றன. பனிக்கட்டியின் அடர்த்தி மில்லிலிட்டருக்கு 0.917 கிராம் என்பதும், 100 மில்லிலிட்டர் தண்ணீர் உறைந்தால் ஏறத்தாழ 109 மில்லிலிட்டர் ஆகிறது என்பதும் இதனால்தான். தண்ணீர் நிரம்பிய பாட்டிலை ஃப்ரீசரில் வைத்து அது வெடித்ததைப் பார்த்த பிள்ளைக்கு, பாடத்தில் உள்ள வரி பொருந்தவே பொருந்தாது.

முதல் உதாரணமாகத் தேங்காய் எண்ணெயைக் கொடுங்கள். சுமார் 24, 25 டிகிரியில் அது உறையத் தொடங்கும். மார்கழி மாதக் காலையில் பாட்டிலில் பாதி உறைந்திருப்பதை நம் பிள்ளைகள் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். உறைந்த வெள்ளைப் பகுதி அடியில் தங்கும், மிதக்காது. அல்லது மெழுகை உருக்கி ஒரு பழைய டம்ளரில் விளிம்புவரை ஊற்றி ஆறவிடச் சொல்லுங்கள், நடுவில் குழி விழும். உறையும்போது துகள்கள் நெருங்கிவிட்டன என்பதைக் கண்ணாலேயே காட்டிவிடலாம். தண்ணீரின் விசித்திரத்தை அதற்குப் பிறகு தனிப்பகுதியாக வையுங்கள். குளிர்நாடுகளில் ஏரியின் மேற்பரப்பு உறைந்தாலும் அடியில் மீன் உயிரோடு இருப்பதை அங்கே சொல்லலாம்.

இனி சர்க்கரைச் சோதனை. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் துகள்களுக்கிடையே இடைவெளி இருக்கிறது என்பதற்குப் பெரும்பாலும் தரப்படும் ஒரே சான்று இதுதான். பீக்கரில் தண்ணீர் எடுத்து மட்டத்தைக் குறித்துக்கொள், சர்க்கரையைப் போட்டுக் கலக்கு, மட்டம் உயரவில்லை, ஆகவே சர்க்கரைத் துகள்கள் தண்ணீர்த் துகள்களின் இடைவெளிக்குள் போய்விட்டன. இப்படித்தான் பொதுவாகச் சொல்லிக்கொடுக்கப்படுகிறது.

தயவுசெய்து அளவுசாடியில் செய்து பாருங்கள். 100 மில்லிலிட்டர் தண்ணீரில் 50 கிராம் சர்க்கரையைக் கரைத்தால் மட்டம் 130 மில்லிலிட்டரைத் தாண்டும். 50 கிராம் சர்க்கரைப் படிகம் தனியாகப் பிடிக்கும் இடம் சுமார் 31 மில்லிலிட்டர். கரைந்த பிறகும் கிட்டத்தட்ட அதே இடத்தை அது எடுத்துக்கொள்கிறது. இடைவெளிக்குள் எதுவும் காணாமல் போகவில்லை. பிறகு ஏன் மட்டம் உயராததுபோல் தெரிகிறது? ஒன்று, பீக்கர் அகலமானது, ஒரு கரண்டி சர்க்கரைக்கு மட்டம் உயர்வது கண்ணுக்குத் தெரியாது. இரண்டு, குவியலாக அளந்த சர்க்கரையில் மணிகளுக்கு நடுவே நிறைய காற்று இருக்கிறது. ஒரு டம்ளர் சர்க்கரை ஒரு டம்ளர் இடத்தைக் கூட்டவில்லையே என்று ஆச்சரியப்படும்போது, உண்மையில் நாம் பார்ப்பது அந்தக் காற்று வெளியேறியதைத்தான்.

உப்பில் கொஞ்சம் சுருக்கம் இருக்கிறது. ஆனால் அதற்குக் காரணம் அயனிகள், அதாவது உப்பு கரையும்போது பிரியும் மின்னூட்டமுள்ள துகள்கள், சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகளைத் தம் பக்கம் இறுக்கி இழுப்பது. அது ஆறாம் வகுப்புக்கு உரிய விளக்கமில்லை. எத்தனாலையும் தண்ணீரையும் ஐம்பது ஐம்பது மில்லிலிட்டர் கலந்தால் 96, 97 மில்லிலிட்டர் அளவுக்குத்தான் வரும் என்பது உண்மை. ஆனால் பள்ளி லேபில் தூய எத்தனால் எங்கே இருக்கிறது?

இதில் என்னை உண்மையாகவே வருந்தவைப்பது வேறொன்று. அளவுசாடியை வைத்து ஒழுங்காக அளந்த பிள்ளை "மட்டம் உயர்ந்தது" என்று எழுதுகிறது. அதன் விடை தவறு. அளக்காமல் புத்தகத்தைப் பார்த்து எழுதிய பிள்ளைக்கு முழு மதிப்பெண். பதினொரு வயதில் அந்தப் பிள்ளை இதிலிருந்து என்ன கற்றுக்கொள்ளும் என்பதை நீங்கள் யோசிக்க வேண்டும்.

இடைவெளிக்கு நல்ல சான்று சிரிஞ்சில் இருக்கிறது. ஊசி இல்லாத சிரிஞ்சில் காற்றை நிரப்பி, முனையை விரலால் அடைத்து அமுக்கினால் உள்ளே போகும், விட்டால் திரும்பி வரும். தண்ணீரை நிரப்பி அமுக்கினால் அசையாது. இந்த ஒரு சோதனையில் வாயுவில் இடைவெளி அதிகம், திரவத்தில் கிட்டத்தட்ட இல்லை என்ற இரண்டும் சேர்ந்தே வந்துவிடுகின்றன. இன்னொன்றும் சொல்கிறேன். நகப்பூச்சு நீக்கப் பயன்படும் அசிட்டோனை ஒரு மில்லிலிட்டர் மட்டும் ஜிப் பையில் விட்டு, காற்றை வெளியேற்றி மூடி, சூடான தண்ணீரில் வையுங்கள். அசிட்டோன் 56 டிகிரியிலேயே கொதித்துவிடும், பை முந்நூறு மில்லிலிட்டருக்கு மேல் உப்பிவிடும். ஆறவைத்தால் பழையபடி சப்பையாகிவிடும். முன்னும் பின்னும் எடை போட்டால் எடை மாறியிருக்காது. அசிட்டோன் எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் பக்கத்தில் அடுப்போ விளக்கோ இருக்கக் கூடாது, ஆசிரியர் மட்டுமே செய்ய வேண்டும் என்பதைத் தடித்த எழுத்தில் போடுங்கள். பையைப் பார்த்த பிறகு, "ஆவியாவது என்றால் மறைந்துபோவது" என்ற எண்ணத்தோடு யாரும் வகுப்பைவிட்டுப் போக மாட்டார்கள்.

ஊதுபத்தியும் எல்லா வகுப்பிலும் வருகிறது. மூலையில் ஏற்றினால் கடைசி பெஞ்சுவரை மணக்கிறது, இது விரவுதல், அதாவது துகள்கள் தம் அசைவாலேயே பரவுவது என்கிறோம். மணம் வருவது உண்மைதான். ஆனால் அதைக் கொண்டுவருவது பெரும்பாலும் காற்றோட்டம்: மின்விசிறி, ஜன்னல், ஊதுபத்தியின் சூடு, பிள்ளைகளின் மூச்சு. அறை வெப்பநிலையில் காற்று மூலக்கூறுகள் வினாடிக்கு ஏறத்தாழ 500 மீட்டர் வேகத்தில் ஓடுகின்றன. ஆனால் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூடப் போவதற்குள் இன்னொன்றோடு மோதித் திசை மாறிவிடுகின்றன. அசைவே இல்லாத காற்றில் விரவுதல் மட்டும் என்றால் ஐந்து மீட்டர் கடக்கப் பல மணி நேரம் ஆகும், நாள்கணக்கில்கூட ஆகலாம். இதற்குப் பதிலாகக் கடற்பாசி ஜெல்லியைப் பயன்படுத்துங்கள். கடையில் கிடைக்கும் அகர் அகரைக் காய்ச்சி ஒரு கண்ணாடி டம்ளரில் உறையவைத்து, மேலே ஒரு சொட்டு உணவு நிறமி விட்டால் போதும். ஜெல்லிக்குள் ஓட்டம் எதுவும் கிடையாது. நிறம் ஒரு நாளில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத்தான் இறங்கும். தினமும் ஸ்கேல் வைத்து அளந்து ஒரு வாரம் குறித்துக்கொள்ளச் சொல்லலாம்.

பிறகு கற்பூரம். திண்மத்திலிருந்து நேராக வாயுவாகும், திரவமாவதில்லை, அதன் பெயர் பதங்கமாதல் என்று சொல்லித்தருகிறோம். நம் பிள்ளைகள் ஆரத்தித் தட்டைப் பார்க்காதவர்களா? எரிகிற கற்பூரத்தைச் சுற்றி அது உருகித் தட்டில் பளபளவென்று நிற்பதை எத்தனை முறை பார்த்திருப்பார்கள். கற்பூரத்துக்கு உருகுநிலை உண்டு, 175 டிகிரிக்கு மேல். அறை வெப்பநிலையில் திறந்துவைத்தால் மெதுவாகப் பதங்கமாகிறது, சூடேற்றினால் உருகுகிறது, தீ வைத்தால் எரிகிறது. எரிவது வேதிமாற்றம், அதற்கும் பதங்கமாதலுக்கும் தொடர்பில்லை. மூன்றையும் பிரித்துச் சொல்லுங்கள். டப்பாவில் மூடிவைத்த கற்பூரம், சில மாதத்தில் மூடியின் உட்புறம் படிந்த படிகம், இதைவிட நல்ல உதாரணம் தேவையில்லை. நவச்சாரத்தை (அம்மோனியம் குளோரைடு) சூடாக்கிக் காட்டுவதை மட்டும் விட்டுவிடலாம். அது அம்மோனியாவாகவும் ஹைட்ரஜன் குளோரைடாகவும் பிரிந்து மேலே போய் மறுபடி சேர்கிறது. நிலைமாற்றத்துக்கு அதை உதாரணமாக வைப்பது பிள்ளையைக் குழப்பும்.

இட்லிப் பானையிலிருந்து வரும் வெண்மையைக் காட்டி "வாயு நிலையில் நீர்" என்று அம்புக்குறி போடும் படங்களையும் திருத்த வேண்டும். கண்ணுக்குத் தெரியும் வெண்மை குளிர்ந்த சிறு நீர்த்துளிகள், அதாவது திரவம். நீராவி கண்ணுக்குத் தெரியாது. கெட்டில் மூக்கை உற்றுப் பார்த்தால், நுனியை ஒட்டி ஒரு விரலளவு எதுவும் தெரியாத இடம் இருக்கும். அம்புக்குறி அங்கே போக வேண்டும்.

கொதிக்கும் தண்ணீரில் வரும் குமிழிகளுக்குள் என்ன இருக்கிறது என்று உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். காற்று என்பார்கள், ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் என்பார்கள். 1983இல் நியூசிலாந்தில் ஆஸ்போர்ன், காஸ்குரோவ் இருவரும் இதே கேள்வியைக் கேட்டபோதும் இதே விடைகள்தான் வந்தன. இதில் கவனிக்க வேண்டியது, ஹைட்ரஜன் ஆக்சிஜன் என்ற விடை வேதியியல் படித்த பிறகுதான் வருகிறது. நீர் மூலக்கூறு பிரியாமலேயே விலகிப் போகிறது என்ற ஒரு வரி நிலைமாற்றப் பாடத்தில் அழுத்தமாகப் பதியாததால், மின்சாரத்தால் தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கும் மின்னாற்பகுப்பைப் படித்ததும் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். குமிழிக்குள் நீர் மூலக்கூறுகளை, அதே உருவத்தோடு, தள்ளித் தள்ளி வரைந்த ஒரு படம் போதும். எந்த நூலிலும் நான் அதிகம் பார்க்காத படம் அது.

கொதிநிலை பற்றியும் சொல்லியாக வேண்டும். மலைப்பள்ளியில் நான் இருந்தபோது ஒரு மாணவி தேர்வில், தண்ணீர் 93 டிகிரியில் கொதிக்கும் என்று எழுதினாள். நாங்கள் லேபில் வெப்பமானி வைத்து அளந்தது அது. உதகை கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் குறைவு, அங்கே 92, 93 டிகிரியில்தான் கொதிக்கும். விடைக்குறிப்பில் 100 என்று மட்டுமே இருந்ததால் திருத்தியவர் மதிப்பெண் தரவில்லை. திருத்தியவரை நான் குறை சொல்லவில்லை, அவர் கையில் இருந்த தாள் அப்படி. அந்த மாணவி என்னிடம் வந்து சண்டை போடவுமில்லை. அடுத்த தேர்வில் 100 என்று எழுதிவிட்டாள். "கடல்மட்டத்தில்" என்ற ஒரு சொல்லைக் கேள்வியில் சேர்த்திருந்தால் போதும். அதைவிட, "மலையில் பருப்பு வேக ஏன் நேரமாகிறது, குக்கரில் ஏன் சீக்கிரம் வேகிறது?" என்று கேட்டிருந்தால் அவள் ஒரு பக்கம் எழுதியிருப்பாள்.

தேர்வைத் தொடாமல் பாடத்தை மட்டும் மாற்றினால் பயன் குறைவு. துகள் பாடத்தில் இப்போது வருகிற கேள்விகளில் பெரும்பாலானவை கோடிட்ட இடம், பொருத்துக, வேறுபடுத்துக என்ற வகை. திண்மம், திரவம், வாயு என மூன்று பத்தி போட்ட அட்டவணையை மனப்பாடம் செய்தால் தேறிவிடலாம். பதிலாக வரையச் சொல்லுங்கள். மூடிய குடுவையில் பாதிக் காற்றை எடுத்த பின் துகள்களை வரைக. சூடான இரும்புக் கம்பி நீண்டது, துகள்களில் என்ன மாறியது, வரைந்து காட்டுக. இந்த இரண்டாவது கேள்விக்குப் பிள்ளைகள் துகளையே பெரிதாக வரைவார்கள். துகள் பெரிதாகவில்லை, அதிர்வு கூடி இடைவெளி கூடியது என்பது அந்தப் படத்தைத் திருத்தும்போதுதான் புரியும். உருகினால் துகளும் உருகும், செம்பின் துகள் சிவப்பாக இருக்கும் என்பன போன்ற எண்ணங்களும் வரையச் சொன்னால்தான் வெளியே வரும். விடைத்தாளைத் திருத்த எங்களுக்கு நேரம் கூடுதலாகும் என்பது உண்மை. அதற்குத் தகுந்தாற்போல் கேள்விகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள்.

துகள்கள் ஓயாமல் அசைகின்றன என்பதற்குக் கண்ணால் காணக்கூடிய சான்று ஒன்று இருக்கும்போது அதைப் பெட்டிச் செய்தியாக ஒதுக்காதீர்கள். 1827இல் ராபர்ட் பிரவுன் நுண்ணோக்கியில் பார்த்தது மகரந்த மணிகளுக்குள்ளிருந்து வெளிவந்த மிக நுண்ணிய துகள்கள் தண்ணீரில் துடிப்பதை. மகரந்த மணியே ஆடியதாகச் சொல்வது தவறு, அது அதற்கு மிகப் பெரிது. தண்ணீர் மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் மோதுவதால்தான் அந்தத் துடிப்பு என்பதற்கு 1905இல் ஐன்ஸ்டைன் கணக்குக் கொடுத்தார், ழான் பெரன் 1908ஐ ஒட்டிய ஆண்டுகளில் அளந்து காட்டினார், அதற்காக 1926இல் நோபல் பரிசும் பெற்றார். அணுக்களை ஏற்க மறுத்துவந்த பெரிய வேதியியலர் ஆஸ்ட்வால்டு 1909இல்தான் மனம் மாறினார். அவரையே மாற்றிய சான்றை நம் வகுப்பில் காட்ட முடியும். ஒரு சொட்டுப் பாலில் நிறைய தண்ணீர் கலந்து, மெல்லிய கண்ணாடி வில்லையால் மூடி, பள்ளி நுண்ணோக்கியில் 400 மடங்கில் பார்த்தால் கொழுப்பு உருண்டைகள் துடித்துக்கொண்டே இருக்கும். ஐந்து நிமிடம் பொறுத்துப் பார்த்தாலும் நிற்காது. முதல்முறை பார்க்கிற பிள்ளை பெரும்பாலும், "உயிர் இருக்கா டீச்சர்?" என்றுதான் கேட்கும். பிரவுனும் முதலில் அதையேதான் சோதித்தார். உயிரில்லாத பாறைப் பொடியிலும் அதே துடிப்பைக் கண்டார்.

இவ்வளவுக்கும் நேரம் எங்கே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சிலவற்றை எடுத்துவிடலாம். பருப்பொருளின் நான்காம், ஐந்தாம் நிலைகள் எனப்படும் பிளாஸ்மா, போஸ் ஐன்ஸ்டைன் சுருக்கம் ஆகியவற்றைக் கீழ்வகுப்புகளில் பெயராக மட்டும் தருவதை நிறுத்திவிட்டு மேல்வகுப்புக்கு நகர்த்துங்கள். சத்யேந்திரநாத் போஸ் 1924இல் செய்த வேலையை நம் பிள்ளைகள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும், ஆனால் புரிகிற வயதில், அதற்கான இடம் கொடுத்து. ஈரத்துணி 30 டிகிரி வெயிலில் எப்படி உலர்கிறது, 100 டிகிரி வரவில்லையே என்ற கேள்விக்குப் பதில் தெரியாத பிள்ளைக்கு ஐந்தாம் நிலையின் பெயர் எதற்கு?

ஆறாம் வகுப்பில் மூன்றே கருத்துகள் போதும் என்பது என் எண்ணம்: எல்லாப் பொருளும் துகள்களால் ஆனது, அவை ஓயாமல் அசைகின்றன, அவற்றுக்கிடையே எதுவுமில்லை. கவர்ச்சி விசை ஏழில் வரட்டும். எல்லாத் துகளும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை, வேகமானவை தப்பிப் போகின்றன என்பது எட்டில் வந்தால் துணி உலர்வதும் மண்பானை குளிர்வதும் சேர்ந்தே விளங்கிவிடும். ஆடிக்காற்றில் துணி சீக்கிரம் காய்வதை அவர்களே விளக்குவார்கள். உள்ளுறை வெப்பம், அதாவது வெப்பநிலை மாறாமல் நிலை மாறுவதற்கு மட்டும் செலவாகும் வெப்பம், ஒன்பதில். ஒரு கிராம் பனிக்கட்டியை உருக்க 334 ஜூல், ஒரு கிராம் கொதிநீரை நீராவியாக்க 2,260 ஜூல். இந்த இரண்டு எண்களுக்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று கேட்டால், நான் மேலே சொன்ன அந்த முழுப்பக்கப் படத்தை நினைவில் வைத்திருக்கும் பிள்ளை பதில் சொல்லிவிடும்.

ஒரு நடைமுறை வேண்டுகோள். புதிய வரைவு எழுதும்போது ஒவ்வொரு செயல்பாட்டையும் ஒரு மலைப்பள்ளியிலும், ஒரு கடலோரப் பள்ளியிலும், லேப் வசதியே இல்லாத ஒரு நடுநிலைப் பள்ளியிலும் செய்து பார்க்கச் சொல்லுங்கள். அங்கே கிடைத்த அளவுகளை, ஒன்றுக்கொன்று மாறுபட்டாலும், அப்படியே ஆசிரியர் கையேட்டில் அச்சிடுங்கள். 2018 முதல் வந்த நூல்களில் க்யூஆர் குறியீடுகள் இருக்கின்றன. பால் நுண்ணோக்கிக் காட்சியையும் ஜெல்லியில் நிறம் இறங்குவதையும் படம்பிடித்து அதே முறையில் இணைத்துவிடலாம், நுண்ணோக்கி இல்லாத பள்ளிக்கும் போய்ச் சேரும். விடைக்குறிப்பில், "மாணவர் தாமே அளந்து எழுதிய அளவை, அளந்த முறையோடு எழுதியிருந்தால் ஏற்றுக்கொள்க" என்ற ஒரு வரியையும் சேருங்கள்.

மேலே சொன்ன சோதனைகளுக்கான பொருள் பட்டியல், அளவு, பாதுகாப்புக் குறிப்பு எல்லாவற்றையும் எழுதித் தர நான் தயாராக இருக்கிறேன். கூப்பிட்டால் விடுமுறை நாளில் வந்து உங்கள் குழுவின் முன் செய்தும் காட்டுகிறேன். சிரிஞ்சும் சர்க்கரையும் அளவுசாடியும் நானே கொண்டுவருகிறேன், நுண்ணோக்கி மட்டும் ஒன்று எடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
ஓர் அறிவியல் ஆசிரியை